ஐ.சி.யூ. மருந்தாளுநராக எந்தப் பாதை? கோலாலம்பூர், பினாங்கு மருந்தாளுநர்களுக்கு ஓர் ஒப்பீடு

அரசு மருத்துவமனையில் சில ஆண்டுகள் வேலை பார்த்த மருந்தாளுநர்களில் சிலருக்கு மனம் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தங்கிவிடுகிறது. வெளிநோயாளர் முகப்பு, வார்டு, மருந்துக் கிடங்கு எல்லாம் சுற்றி வந்தாயிற்று. ஆனால் காலை ரவுண்டில் வெண்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் படுக்கையருகே நின்று, மருந்தளவைப் பற்றி நிபுணருடன் பேசும் அந்த நேரத்துக்காகத்தான் வேலைக்கே வருகிறோம் என்று தோன்றத் தொடங்குகிறது. அப்படிப்பட்ட தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இதில் மேலே படிக்க எங்கே போவது? அமெரிக்க ரெசிடென்சியா, இங்கேயே முதுகலையா, வேலை பார்த்துக்கொண்டே போர்டு தேர்வா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி என்ற அளவில் அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையிலேயே மேற்பார்வையில் பெறும் முழுநேரப் பயிற்சிக்கு, ஈடாக எதுவும் இல்லை. ஆனால் நம் நாட்டில் படித்த பெரும்பாலோருக்கு அதன் வாசல் திறக்காது. ஆகவே ஐ.சி.யூ. பணியைப் பிடித்துக்கொள்வது, உள்ளூரில் முதுகலை முடிப்பது, பிறகு சிறப்புத் தகுதிச் சான்றிதழுக்கான போர்டு தேர்வை எழுதுவது என்ற வரிசையைத்தான் நான் பரிந்துரைப்பேன். இது எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முன், இத்தனை பயிற்சி எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள் அல்லவா, அதற்குப் பதில் வேண்டும். நம் ஐ.சி.யூ.க்களில் அடிக்கடி காணும் வகையில் ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். இருபத்திரண்டு வயது இளைஞர். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடி. முதல் நாள் பார்வை நேரத்தில் அவருடைய தாயாரிடம் மருந்தாளுநர் கேட்கிறார்: "அம்மா, தம்பி வீட்டில் வழக்கமாக ஏதாவது மாத்திரை சாப்பிடுவாரா?" "ஊதா நிறத்தில் ஒரு மாத்திரை சாப்பிடுவான், கண்ணு. சின்ன வயதிலிருந்து வலிப்பு." அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால் சோடியம் வால்ப்ரோயேட். அதைக் குழாய் வழியாகச் சிரப்பாகத் தொடர்கிறார்கள். ஏழாம் நாள் நிமோனியா. கிருமி சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காதது என்று லேப் சொல்லிவிட்டது. மெரோபெனம் எழுதப்படுகிறது. கிரியாட்டினின் அளவு நன்றாக இருக்கிறது. சிறுநீரகத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

இங்கே இரண்டு சிக்கல்கள் ஒரே நேரத்தில் நிற்கின்றன. மெரோபெனம் உள்ளே போனதும் வால்ப்ரோயேட்டின் அளவு ஒரு நாளுக்குள்ளேயே சரியத் தொடங்கும். டோஸைக் கூட்டினாலும் மீளாது. வேறொரு வலிப்பு மருந்து வேண்டும், பெரும்பாலும் லெவெடிரசெட்டம். அடுத்தது, இந்த வயதில் இந்தக் காயத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்யக்கூடும். சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகத்தைக் காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 130 மில்லிலிட்டரைத் தாண்டிவிட்டால் வழக்கமான அளவு மெரோபெனம் ரத்தத்தில் நிற்காது. ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினை வைத்துப் போடும் சூத்திரம் இதைத் தவறவிடலாம். சிறுநீரைச் சில மணி நேரம் சேகரித்து அளந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு டோஸையும் அரை மணி நேரத்தில் முடிக்காமல் மூன்று மணி நேரம் ஓட விட வேண்டும். லெவெடிரசெட்டமும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது என்பதால் அதே கணக்கு அங்கேயும் வந்து நிற்கும்.

இவை தனித்தனியாக எல்லாப் பாடநூலிலும் இருக்கின்றன. படுக்கையருகே கிடைக்கும் சில நிமிடங்களில் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, தயங்காமல் நிபுணரிடம் சொல்லி, அவர் "ஏன்?" என்று கேட்கும்போது காரணத்தையும் வைக்க வேண்டும். அந்தத் திறன் தானாக வருவதில்லை. அனுபவசாலி ஒருவர் நாள்தோறும் உங்கள் பரிந்துரையைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். மேலே சொன்ன பாதைகளை நான் எடைபோடுவது இந்த ஓர் அளவுகோலால்தான்: எத்தனை மாதம், யாருடைய மேற்பார்வையில், எந்த நோயாளிகளின் படுக்கையருகே?

இந்த வேலையின் பயனுக்குச் சான்று பழையது, உறுதியானது. 1999இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஐ.சி.யூ. ரவுண்டில் மருந்தாளுநர் ஒருவர் உடன் செல்லத் தொடங்கியதும், மருந்து எழுதும்போது நேர்ந்து தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 1000 நோயாளி நாட்களுக்கு 10.4 என்பதிலிருந்து 3.5 ஆக இறங்கின. அதாவது 66 விழுக்காடு குறைவு. நிர்வாகத்திடம் ஐ.சி.யூ.வுக்கென ஒரு பணியிடம் கேட்கும்போது இந்த எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அமெரிக்க ரெசிடென்சி. பட்டமும் உரிமமும் பெற்ற மருந்தாளுநர் முதலில் பி.ஜி.ஒய்.1 என்ற பொதுப் பயிற்சியை ஓராண்டு முடிக்கிறார். அதன் பிறகு பி.ஜி.ஒய்.2 என்ற சிறப்புப் பயிற்சி, இன்னோர் ஆண்டு. தீவிர சிகிச்சை அதில் ஒரு பிரிவு. இவற்றுக்கு அங்கீகாரம் தருவது ஏ.எஸ்.எச்.பி. என்ற மருத்துவமனை மருந்தாளுநர் சங்கம். விண்ணப்பமும் இடமும் தேசிய அளவிலான பொருத்துமுறையில் நடக்கின்றன. நீங்கள் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துகிறீர்கள், அவை உங்களை வரிசைப்படுத்துகின்றன. மார்ச்சில் முடிவு வரும். ஜூலை வாக்கில் பயிற்சி தொடங்கும்.

அந்த இரண்டாம் ஆண்டின் அடர்த்திதான் நான் மதிப்பது. மருத்துவ ஐ.சி.யூ., அறுவை ஐ.சி.யூ., இதய ஐ.சி.யூ., நரம்பியல் ஐ.சி.யூ., அவசரப் பிரிவு என்று மாதக்கணக்கில் மாறி மாறிச் சுழற்சி. இதயம் நின்ற நோயாளிக்கு உயிர்மீட்பு நடக்கும்போது மருந்து வண்டியின் அருகே நிற்பது பயிற்சி பெறுபவர்தான். ஓர் ஆய்வுத் திட்டத்தை முடிக்க வேண்டும். மருந்துக் குழுவுக்கு ஒரு மருந்தைப் பற்றி மதிப்பீடு எழுத வேண்டும். இளையவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் பொறுப்பான மூத்த மருந்தாளுநர் எழுத்து மூலம் மதிப்பிடுகிறார். சம்பளமும் உண்டு, முழு மருந்தாளுநர் சம்பளத்தைவிடக் குறைவு என்றாலும். ஓராண்டு முழுவதும் "ஏன்?" என்று கேட்க ஆள் இருக்கும் ஏற்பாடு இது. என் அளவுகோலில் இதுதான் முதலிடம்.

ஆனால் வாசலைப் பாருங்கள். பி.ஜி.ஒய்.1க்கு விண்ணப்பிக்க அமெரிக்க அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும். அது இல்லாவிட்டால், அமெரிக்க மாநில மருந்தியல் வாரியங்களின் சங்கமான என்.ஏ.பி.பி. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு வழங்கும் எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு ஒரு நிபந்தனை: 1.1.2003 அன்றோ அதற்குப் பிறகோ பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்தாண்டுப் பார்மசி பாடத்திட்டத்தை முடித்திருக்க வேண்டும். நம் நாட்டு இளங்கலைப் பார்மசி நான்கு ஆண்டு. பதிவுக்கு முன் நாம் செய்யும் ஓராண்டுப் பி.ஆர்.பி. பயிற்சி பட்டத்தின் பகுதி அல்ல. அதை ஐந்தாம் ஆண்டாகச் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியும் என்று நம்பி இறங்காதீர்கள்.

இதை முதலில் விசாரிக்காமல் ஆங்கிலத் தேர்வுக்கும் வழிகாட்டி நிறுவனங்களுக்கும் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் பல்கலைக்கழகம், பட்டம் பெற்ற ஆண்டு, பாடத்திட்டக் காலம் ஆகிய மூன்றையும் எழுதி என்.ஏ.பி.பி.யிடமே நேராகக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை ஒரு ரிங்கிட்கூடச் செலவழிக்க வேண்டாம். தகுதி உண்டு என்று பதில் வந்தாலும் டோஃபெல் ஆங்கிலத் தேர்வு, பட்டச் சமநிலைத் தேர்வு, பயிற்சி மணிகள், மாநில உரிமத் தேர்வுகள் எல்லாம் வரிசையாகக் காத்திருக்கின்றன. விசாவுக்குப் பொறுப்பேற்காத மருத்துவமனைகளும் ஏராளம். இன்னொரு வழி, அங்கேயே போய்ப் பார்ம்.டி. என்ற அமெரிக்கப் பார்மசிப் பட்டத்தை முதலிலிருந்து படிப்பது. அதற்கு ஆகும் கட்டணத்தை நம்மில் எத்தனை குடும்பங்களால் தாங்க முடியும்? வசதியும் இளமையும் இருந்து, அமெரிக்காவிலேயே தங்கும் எண்ணமும் இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

ஆஸ்திரேலியா நம்மவர்கள் குறைவாகப் பேசும் வாய்ப்பு. முன்பு எஸ்.எச்.பி.ஏ. என்றும் 2024 முதல் அட்ஃபா என்றும் அழைக்கப்படும் மருத்துவமனை மருந்தாளுநர் அமைப்பு அங்கே இரண்டடுக்குப் பயிற்சி நடத்துகிறது: இரண்டாண்டு அடிப்படை ரெசிடென்சி, அதற்கு மேல் இரண்டாண்டு உயர்நிலைப் பயிற்சி. அமெரிக்க முறையைவிட நிதானமானது. ஆனால் பயிற்சி பெறுபவர் அந்த மருத்துவமனையின் ஊழியராகவே இருக்கிறார். முதலில் அங்கே பதிவும் வேலையும் கிடைக்க வேண்டும். மலேசியப் பட்டம் பெற்றவர் வெளிநாட்டு மருந்தாளுநர்களுக்கான ஓப்ரா தேர்வு (2025 வரை காப்ஸ்) எழுதி, மேற்பார்வையில் பயிற்சிக் காலம் முடித்து, அதன் பிறகே முழுப் பதிவு பெறுவார். ஆஸ்திரேலிய அங்கீகாரம் உள்ள பட்டம் கையில் இருந்தால் பாதை குறுகும். ஏற்கெனவே குடிபெயரும் முடிவில் இருப்பவருக்கு இது நல்ல வழி. படித்துவிட்டு ஊர் திரும்ப நினைப்பவருக்கு ஆறேழு ஆண்டு மிக நீளம்.

இங்கிலாந்தில் அமெரிக்கா போன்ற ரெசிடென்சி ஏற்பாடு இல்லை. வெளிநாட்டுப் பட்டதாரி தனக்கென உள்ள ஓஸ்பாப் என்ற ஓராண்டு மாற்றுப் படிப்பு, 52 வாரப் பயிற்சி, பதிவுத் தேர்வு ஆகியவற்றைத் தாண்டி, என்.எச்.எஸ். என்ற அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையில் வேலைக்குச் சேர்ந்து, வேலையோடு முதுகலைச் சான்றிதழ் படித்து மேலேறுவார். இங்கே இரண்டாண்டு, அங்கே இரண்டாண்டு என்ற இணைப்புத் திட்டத்தில் பிரிட்டிஷ் பட்டம் பெற்றவர்கள் மட்டும் இதை ஆராயலாம், மற்றவர்களுக்கு ஐ.சி.யூ. பயிற்சி ஒன்றுக்காக இவ்வளவு சுற்று தேவையில்லை.

இப்போது உள்ளூர். 1972இல் தொடங்கிய பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பள்ளிதான் நாட்டின் முதல் பார்மசிப் பள்ளி. மருத்துவமனைசார் மருந்தியலில் முதுகலையும் அங்கே மிண்டன் வளாகத்தில் இருக்கிறது. கோலாலம்பூரில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் அதே துறையில் முதுகலை நடத்துகிறது. இரண்டிலும் வகுப்பறைப் பாடம், வார்டுச் சுழற்சிகள், ஆய்வுத் திட்டம் என்று மூன்றும் உண்டு. வெளியே வருபவர் மருத்துவம், இதயம், சிறுநீரகம், தொற்றுநோய் போன்ற பலவற்றிலும் காலூன்றிய பொதுத் தேர்ச்சியாளராக வருகிறார். அமெரிக்கக் கணக்கில் பார்த்தால் இது பி.ஜி.ஒய்.1க்குப் பக்கத்தில் வரும். பி.ஜி.ஒய்.2 அல்ல. தீவிர சிகிச்சை பல சுழற்சிகளில் ஒன்றுதான். சில வாரங்களில் முடிந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் ஏமாற்றம் இருக்காது.

அந்தச் சில வாரங்களைக் கூட்டிக்கொள்ள வழி உண்டு. ஆய்வுத் திட்டத்தை ஐ.சி.யூ.விலேயே வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் ஓடும் நோயாளிகளுக்கு வான்கோமைசின் அளவு, மயக்க மருந்துகளின் அளவும் வெண்டிலேட்டர் நாட்களும், குழாய் உணவோடு மாத்திரைகளைப் பொடித்துக் கொடுப்பதில் வரும் சிக்கல் என்று நம் வார்டுகளிலேயே பதில் தேடும் கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆய்வுக்காகத் தரவு சேகரிக்கும் மாதங்களில் நாள்தோறும் ஐ.சி.யூ. ரவுண்டில் நிற்க நியாயமான காரணமும் கிடைக்கும். சேரும் முன்பே, ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கும் மேற்பார்வையாளர் ஒருவர் கிடைப்பாரா என்று கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம்.

கோலாலம்பூரா பினாங்கா என்று கேட்டால், நோயாளிகளின் வகையில் கோலாலம்பூருக்குத்தான் சாதகம். பொது மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை, இதய அறுவைக்குத் தேசிய இருதயக் கழகம் என்று ஒரே நகரத்தைச் சுற்றிப் பலவகை ஐ.சி.யூ.க்கள். பினாங்கில் பல்கலைக்கழகமும் பொது மருத்துவமனையும் ஒரே தீவில், சிறிய தூரத்தில் இருக்கின்றன. ஆசிரியர்கள், நிபுணர்கள், மருந்தாளுநர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பது எளிது. வீட்டு வாடகையும் குறைவு. வடக்கே கெடாவிலோ பேராக்கிலோ குடும்பம் உள்ளவர்கள் பினாங்கை விட்டுக் கோலாலம்பூர் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே என் எண்ணம். கிடைக்காத ஒன்றிரண்டு அனுபவங்களைப் பிறகு வேறு மருத்துவமனையில் குறுகிய இணைப்புப் பயிற்சியில் ஈடுகட்டலாம்.

பணம் பற்றி: அரசில் நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்குக் கூட்டரசுப் பயிற்சி உதவித்தொகை, அதாவது எச்.எல்.பி., பெரிய வரம். முழுச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு, கட்டணமும் கிடைக்கும். பதிலுக்கு ஒப்பந்தப்படி சில ஆண்டுகள் அரசில் பணியாற்ற வேண்டும். ஐ.சி.யூ.வில் நிலைக்க நினைப்பவருக்கு அந்தக் கட்டாயப் பணி ஒரு சுமையே இல்லை. படித்து முடித்ததும் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்பதுதான் கவலை. ஐ.சி.யூ. இல்லாத இடத்துக்கு மாற்றல் வந்தால் படித்ததெல்லாம் துருப்பிடிக்கும். விண்ணப்பக் கட்டத்திலேயே மாநில மருந்தியல் துறையிடம் பேசி, உங்கள் விருப்பத்தை எழுத்தில் பதிய வையுங்கள். ஒப்பந்த அடிப்படையில் இருக்கும் இளையவர்கள் தங்களுக்குத் தகுதி உண்டா என்பதை ஒவ்வோர் ஆண்டுச் சுற்றறிக்கையிலும் பார்க்க வேண்டும். பல ஆண்டு உழைத்தவர்களை இப்படிக் காத்திருக்க வைப்பது நியாயமில்லை. அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது எங்களைப் போன்ற மூத்தவர்களின் கடமை.

முதுகலைக்குப் போக முடியாதவர்களுக்கு, அல்லது போகும் முறை வரும்வரை காத்திருப்பவர்களுக்கு, இணைப்புப் பயிற்சி இருக்கிறது. பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யூ. மருந்தாளுநரோடு சில வாரம் கூடவே நின்று கற்பது. செலவில்லை, பதவி பாதிப்பில்லை. ஆனால் அந்த வாரங்களின் பயன் முழுக்க முழுக்க உங்களைப் பயிற்றுவிப்பவரைப் பொறுத்தது. பார்வையாளராக நின்றுவிட்டு வராதீர்கள். முதல் நாளே இரண்டு படுக்கைகளை உங்கள் பொறுப்பில் கேளுங்கள். ரவுண்டுக்கு முன் உங்கள் பரிந்துரைகளை எழுதிக் கொடுத்து, அவர் திருத்திய பிறகு ரவுண்டில் நீங்களே பேசுங்கள். சில வாரத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு நோயாளிகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை தொடர்ந்தால், அது வெறும் சான்றிதழைவிட எவ்வளவோ மேல்.

கடைசியாகப் போர்டு தேர்வு. 1976இல் அமைந்த, மருந்தாளுநர்களின் சிறப்புத் தகுதிக்குச் சான்றளிக்கும் அமெரிக்காவின் பி.பி.எஸ். வாரியம் தீவிர சிகிச்சைக்கென பி.சி.சி.சி.பி. தேர்வை 2015 முதல் நடத்துகிறது. அமெரிக்கப் பட்டமோ அமெரிக்க உரிமமோ இதற்குத் தேவையில்லை; உங்கள் நாட்டில் செல்லுபடியாகும் பதிவு போதும். பி.ஜி.ஒய்.2 முடித்தவர்கள் நேராக எழுதலாம். ரெசிடென்சியே இல்லாதவர்களுக்கு, பதிவு பெற்ற பின் நான்கு ஆண்டு அனுபவம் வேண்டும். அந்த நேரத்தில் குறைந்தது 50 விழுக்காடு தீவிர சிகிச்சையில் கழிந்திருக்க வேண்டும். அனுபவம் கடந்த ஏழு ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். ரெசிடென்சியின் வாசல் மூடியிருக்கும் நமக்கு இந்த வாசல் திறந்திருக்கிறது. அதனால்தான் இதை வரிசையின் முடிவில் வைக்கிறேன்.

ஆனால் தேர்வு எதையும் கற்றுக்கொடுக்காது. தெரிந்ததை அளக்கும், அவ்வளவுதான். தயாரிப்பு உங்களைச் செப்சிஸ் முதல் மூளைக்காயம் வரை முறையாகப் படிக்க வைக்கும். ஆய்வுக் கட்டுரைகளை எடைபோடவும் புள்ளியியலைப் புரிந்துகொள்ளவும் கட்டாயப்படுத்தும். அந்த ஒழுங்கு நல்லது. கேள்விகள் அமெரிக்க மருந்துப் பட்டியலையும் வழிகாட்டுதல்களையும் சார்ந்தவை. நம் மருத்துவமனையில் இல்லாத மருந்துகளையும் படிக்க வேண்டும். கட்டணம் டாலரில். ஏழாண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அரசுச் சம்பளத்தில் இதற்கென உடனே உயர்வு கிடைக்கும் என்று எதிர்பார்த்து எழுத வேண்டாம். படுக்கையருகே உங்கள் சொல்லுக்குக் கூடும் எடைக்காக எழுதுங்கள். கோலாலம்பூரின் பெரிய தனியார் மருத்துவமனைகளிலோ வெளிநாட்டிலோ வேலை தேடினால் இது கூடுதல் பலம்.

ஆகவே, திருமணமாகாத, பதிவு முடித்து இரண்டு மூன்று ஆண்டே ஆன, ஆஸ்திரேலிய அல்லது பிரிட்டிஷ் அங்கீகாரப் பட்டம் உள்ள இளையவர் ஒருவர் கேட்டால், வெளியே போய்ப் பயிற்சி பெற்றுவா என்றே சொல்வேன். முப்பதைத் தாண்டிய, நிரந்தரப் பணியில் உள்ள, சிறு பிள்ளைகளுள்ள தங்கை கேட்டால், ஐ.சி.யூ. பணியிடத்தை முதலில் உறுதி செய்துகொண்டு எச்.எல்.பி.க்கு விண்ணப்பி என்பேன். ஏற்கெனவே பல ஆண்டு ஐ.சி.யூ.வில் இருந்து, படிப்பு விடுப்புக்கே வழியில்லாதவர், முதுகலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போர்டு தேர்வுக்கே நேராகத் தயாராகலாம். கூடப் படிக்க இரண்டு மூன்று பேர் கொண்ட குழு மட்டும் கட்டாயம் வேண்டும். தனியாக உட்கார்ந்து படித்தால் உங்கள் பதில் ஏன் தவறு என்று கேட்க ஆள் இருக்காது.

எந்தப் பாதை என்று இன்னும் முடிவு செய்யாவிட்டாலும் பணி நேரப் பதிவை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள். வாரத்தில் எத்தனை மணி ஐ.சி.யூ.வில், எத்தனை மணி மற்ற வார்டுகளில் என்று தேதியோடு எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை துறைத் தலைவரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள். நம் மருத்துவமனைகளில் ஒரே மருந்தாளுநர் ஐ.சி.யூ.வோடு இரண்டு மூன்று வார்டுகளையும் பார்ப்பதால், அந்த 50 விழுக்காட்டை நிரூபிக்க வேண்டிய நாளில் வெறும் பணிப் பட்டியல் போதாது. அதற்குள் தலைவர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகியும் போயிருப்பார்.